வெடிப்பில்லாத மைதானம்

பந்து காலுக்கு வருமுன் தங்கமாரி ஒருதரம் தரையைப் பார்த்துவிடுவாள். இந்தியக் கால்பந்து அணிக்கு நடுக்களத்தில் ஆடுகிற பெண்ணுக்கு, மெத்தை மாதிரிப் புல்தரையில் அப்படி என்ன பார்வை வேண்டிக்கிடக்கிறது என்று கூட ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள். அவர்களுக்கென்ன தெரியும்! விளாத்திகுளம் கரிசலில், கோடையில் முழங்கால் வரை உள்வாங்கும் வெடிப்புகளுக்கு நடுவே ஓடிப் பழகியவள் அவள். தரையைப் பார்க்கும் அதே வீச்சில், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் கண்ணில் விழுந்துவிடும். அவளுடைய ஆட்டமே அந்தப் பார்வைதான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் வலது முட்டியில் சவ்வு கிழிந்தது. இன்னொருதரம் கிழிந்தால் பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நொண்டி, அழுது, மறுபடி ஓடி, இப்போதுதான் முகாமுக்கு அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை ரயில் ஏற வேண்டும்.

அதற்குள் ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா. கமிட்டித் தலைவர் செண்பகராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒனக்குப் பாராட்டு வச்சிருக்கோம் தாயி. பயலுவளோட அஞ்சு நிமிசம் ஓடிக் காட்டினாப் போதும். ஊரே பாக்கணும்னு தவிக்கு."

"வேண்டாம் அண்ணாச்சி. முகாமுக்குப் போற நேரம்."

அவர் போனபிறகு, ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா ஆவுடைத்தாய் திரும்பாமலே சொன்னாள்: "நானும் போன்லதான பாத்திருக்கேன். அதுல எறும்பு கணக்கா ஓடுத. எது நீன்னே தெரிய மாட்டேங்கு."

எதையும் கேட்டுப் பழகாதவள் அம்மா. இதற்குமேல் மறுக்கத் தங்கமாரிக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தால், ஆட்டத்துக்கு ஒதுக்கிய, பருத்தி எடுத்து முடித்த கரிசல்காடு மெழுகிவிட்டதுபோல் கிடந்தது. ஒரு வெடிப்பு இல்லை. கமிட்டிக்காரர்கள் ரோலர் விட்டு அமுக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அம்மா கோட்டுக்கு வெளியே, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

பந்து வந்தது. வாழ்நாளில் முதல்தடவையாகத் தங்கமாரி தரையைப் பார்க்கவில்லை. அம்மா பார்க்கிறாளா என்று பார்த்தாள். வலது காலை ஊன்றித் திரும்பினாள். மண் பொடுக்கென்று உள்ளே போனது. உடம்பு திரும்பிவிட்டது, கால் திரும்பவில்லை. முட்டிக்குள் கேட்ட சத்தம் அவளுக்குப் பழைய சத்தம். காலை உருவியபோது கணுக்காலைச் சுற்றி ஒடிந்த பருத்திமார் குச்சிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. செண்பகராஜ் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

ஆவுடைத்தாய் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். யாரோ வாங்கிக் கொடுத்த டீ அவள் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா ஒத்தையில கெடந்து அடைச்சேன் தாயி. பருத்திமார ஒடிச்சித் திணிச்சி, மேல மண்ணப் போட்டு, தண்ணி தெளிச்சி... நீ விழுந்திரக் கூடாதுன்னுதான். எந்த வெடிப்ப விட்டேன்னு தெரியலியே. பாவி, எத விட்டேன்?"

தங்கமாரிக்குக் கோபம் பொங்கியது. திறந்து கிடந்திருந்தால் பார்த்துத் தாண்டியிருப்பேனே, தாண்டித் தாண்டித்தானே இவ்வளவு தூரம் வந்தேன் என்று ஆஸ்பத்திரி அதிரக் கத்த வேண்டும்போல் இருந்தது. டீ டம்ளரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். விரலெல்லாம் பருத்திமார் கீறி, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"நீ ஒண்ணையும் விடலம்மா" என்றாள்.

"நெசமாவாட்டி?"

"நெசமாத்தான். எல்லாத்தையும் அடைச்சிட்ட."

ஆவுடைத்தாய் பெருமூச்சு விட்டாள். அதன்பிறகுதான் அந்த டீயைக் குடித்தாள்.