முன்பல்லும் துணிக் கத்தரியும்

டெய்லருக்கு இரண்டு விஷயங்கள் உயிர். ஒன்று, துணி வெட்டும் அவருடைய பெரிய கத்தரி. நூல், காகிதம் பட்டால் முனை மழுங்கிவிடும் என்று யாரையும் தொடவிடமாட்டார். மனைவிக்கும் அதே சட்டம்தான். இன்னொன்று, அந்த மனைவி வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பு. ஒரு வருஷமாக அதைக் காணோம். முன்பல் ஆடத் தொடங்கியதிலிருந்து, சிரிப்பு வந்தால் அளவு நாடாவைத் தூக்கி வாயை மறைத்துக்கொள்கிறாள்.

ஒருவழியாகப் பல் டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா, "ஈறுல ரத்தம் வந்திருக்குமே?" என்றார்.

"வந்துச்சு. அதான் அந்தப் பக்கம் பிரஷ்ஷே படாம பாத்துக்கிட்டேன்," என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ரத்தம் வந்த இடத்தைத்தான் விடாமல் துலக்கியிருக்க வேண்டுமாம். விட்டதில் அழுக்கு ஈறுக்கு அடியில் கல்லாக இறுகி, பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துபோய்விட்டது. போதாக்குறைக்கு, இருபத்தேழு வருஷமாகப் புருஷன் கடையில் காஜா, பட்டன் என்று எல்லா நூலையும் அந்தப் பல்லால்தான் கடித்திருக்கிறாள். ஈறைத் திறந்து சுத்தம் செய்து, எலும்புத் தூள் வைத்துத் தைக்கலாம். அது பிடித்தால் பல் நிற்கும், பிடிக்காவிட்டால் பிடுங்க வேண்டியதுதான்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா உதட்டை மெல்ல விலக்கிக் காட்டினார். டெய்லர் குனிந்து பார்த்தார்.

"முடிச்சு பரவால்ல. தையல்தான் கொஞ்சம் தூரம் தூரமா விழுந்திருக்கு."

"இது ஈறு சார், சட்டை இல்ல. ஆறு மாசத்துக்கு அந்தப் பல்லால எதையும் கடிக்கக் கூடாது. முக்கியமா நூல்!"

ஐந்தாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். முதல் பட்டனைத் தைத்து முடித்ததும் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. வெள்ளை நூல் சிவப்பாக வந்தது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். டாக்டரம்மா அறுந்த தையலைச் சரிசெய்து, வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, "தூள் பிடிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது," என்றார்.

"நானே கெடுத்துக்கிட்டேங்க," என்று கடைக்குள் வந்து அழுதாள். டெய்லர் பாவம், சமாதானம் சொல்லத் தெரியாத மனுஷன். தன் மெஷினை இழுத்து அவள் ஸ்டூலை ஒட்டிப் போட்டார். பெரிய கத்தரியைக் கையில் எடுத்தார்.

"தச்சு முடிச்சா நூலை இப்படி நீட்டு. நான் வெட்டறேன்."

"அந்தக் கத்தரியாலயா? என்கிட்ட சின்னது இருக்கே."

"இருபத்தேழு வருஷமா இருக்கு. ஒரு நாளாவது எடுத்தியா?"

"முனை மழுங்கிடும்ங்க."

"மழுங்கட்டும். சாணை பிடிச்சுக்கலாம். பல்லுக்குச் சாணை பிடிக்க முடியுமா?"

அன்றிலிருந்து நாளுக்கு நூறு தடவை நூல் நீளும், நூறு தடவை கத்தரி வரும். "என்னண்ணே, திறப்பு விழாவா?" என்று துணி கொடுக்க வந்தவர்கள் கிண்டலடித்தார்கள். டெய்லர் கண்டுகொள்ளவில்லை.

ஆறாம் மாத எக்ஸ்ரேயில், கரைந்திருந்த இடத்தில் எலும்பு வெள்ளையாக ஏறியிருந்தது. டாக்டரம்மா பல்லை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. அந்த நாற்காலியிலேயே அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் மெஷினைப் பழைய இடத்துக்கு இழுக்கப் போனார். அவளோ பட்டனைத் தைத்துவிட்டு, நூலை நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"பல்லுதான் சரியாயிடுச்சே. சின்னக் கத்தரியும் பக்கத்துல இருக்கு."

"இருக்கட்டும். நீங்க வெட்டுங்க."

டெய்லர் மெஷினை விட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தார்.