கூரையில் ஒரு பங்கு

"ரெண்டு பங்குதான்," என்றார் பெரியவர். டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவர் தலைக்கு நேர் மேலே, பழைய சிமெண்ட் ஷீட்டில், ஒரு ஆள் தோள்வரை நுழைகிற அளவுக்கு வானம் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் பெய்த ஆலங்கட்டி மழை கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் தெருவில் பாதிக் கூரைகளைச் சல்லடையாக்கிவிட்டுப் போயிருந்தது. மூன்று அறைகள் வரிசையாக, ஒரே கூரையின் கீழ் நிற்கிற நீண்ட வீடு அது. முதல் அறை பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருக்கிற பெரியவருடையது. இரண்டாவது, டயர் கடை வைத்திருக்கும் சின்னவருடையது. கடைசி அறையில் இறந்துபோன நடுச் சகோதரனின் மனைவியும் மகளும் இருந்தார்கள். தெருவில் அவளை நடுமருமகள் என்றுதான் சொல்வார்கள். நடுமருமகளுக்குக் கடைசி அறை என்று சின்னவர் ஒருகாலத்தில் கேலி பேசியதுண்டு. அண்ணன் செத்த பிறகு அந்தக் கேலியை அவர் விட்டுவிட்டார்.

அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. இரவு முறை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கட்டில் விரிப்புகளைச் சுடும் உருளைக்குள் தள்ளித் தள்ளி விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. காலை மாற்றி மாற்றி வைத்து நின்றாள்.

"மூணு பங்கா போடுங்க மாமா," என்றாள்.

பெரியவரின் மனைவி டம்ளர்களை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஓட்டை வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து தரையில் வைத்திருந்த தட்டில் டக்கென்று ஒலித்தது.

"ஏம்மா, உங்கிட்டப் போய் எப்படிம்மா காசு வாங்கறது?" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. வாஞ்சைதான் இருந்தது. "ஆம்பளை இல்லாத வீடு. தம்பி பொண்டாட்டிகிட்டக் கூரைக்குக் காசு புடுங்கினான்னு நாளைக்கு நாலு பேரு பேச மாட்டாங்களா?"

"என்கிட்ட இருக்கு மாமா."

"இருக்கட்டும். பொண்ணு இருக்கா இல்ல, அவளுக்கு வை."

"அண்ணி, அண்ணன்தான் வேண்டாங்கறாரே," என்றார் சின்னவர். "என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் ஓட்டமா ஓடிப்போயிருப்பேன். வாங்குறவன் வேண்டாங்கறான், குடுக்கறவங்க விட மாட்டேங்கறாங்க. எங்கேயாவது உண்டா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் உதட்டை லேசாக அசைத்தாள். பிறகு தன் அறைக்குப் போய், நனையாத மூலையில் பாயைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

அவளுக்குத் தெரியும். கணவன் போன மறு வருடம் முற்றத்தில் தண்ணீர் மோட்டார் வைத்தார்கள். அப்போதும் இதே வாஞ்சைதான். உனக்கெதுக்கும்மா சிரமம், நாங்க பாத்துக்கறோம் என்றார்கள். அவள் கண் கலங்கக் கும்பிட்டாள். அடுத்த கோடையில் தண்ணீர் கீழே போனபோது, குடத்தோடு நின்றவளிடம் பெரியவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "மோட்டார் போட்டவங்களுக்கே பத்தலையேம்மா." அன்றிலிருந்து தெருக்குழாய்தான். யாரும் அவளைத் திட்டவில்லை, துரத்தவில்லை. அவள் காசு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கொடுக்க விடவில்லை என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

இப்போது கூரை. பெரியவரின் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் மூத்த ஓரகத்தி, பெரியவரின் மனைவி, கடைசி அறையின் வாசலில் நின்று, சுவருக்குச் சுவர் கண்ணாலேயே அளந்துவிட்டு, "நல்ல காத்தோட்டமான ரூம் இல்ல இது?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். நாளைக்கு ஒரு நாள், கூரை போட்டவங்களுக்கே இடம் பத்தலையேம்மா என்று அதே முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வாள். திட்ட மாட்டாள். துரத்த மாட்டாள்.

அன்று மத்தியானம் மேஸ்திரி அளவெடுக்க வந்தான். ஆலங்கட்டி மழைக்குப் பிறகு ஊரில் அவனுக்கு இருந்த மரியாதை டாக்டருக்குக்கூட இல்லை. ஏணியை அவள் பக்கத்துச் சுவரில் சாத்தி ஏறி இறங்கினான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்துவிட்டு அவள் கேட்டாள்:

"எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிப்பீங்க?"

"உங்க பக்கத்துலருந்துதாம்மா. காத்து அங்கேருந்து அடிக்குது பாருங்க, பெரியவரு ரூம் பக்கத்துலருந்து. ஒரு ஷீட்டு ஓரத்து மேலதான் அடுத்த ஷீட்டு ஏறி உக்காரணும். உங்க ரூம்லருந்து போட்டுக்கிட்டே போனாத்தான் காத்து உள்ள நுழையாது. அங்கேருந்து ஆரம்பிச்சா முதல் மழைக்கே ஒழுகும்."

"அப்ப என் ரூம் முடியாம அவங்க ரூம் முடியாது."

"எப்படி முடியும்?" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தான் அவன். அவனுக்கு அது வெறும் வேலை முறை. அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றாள்.

சலவைக் கூடத்துப் பெண்கள் சேர்ந்து ஏலச்சீட்டு போட்டிருந்தார்கள். மகளின் படிப்புக்கென்று கடைசி மாதம்வரை தொடாமல் வைத்திருக்க நினைத்த சீட்டு. அந்த வாரம் அவள் அதை அடிமாட்டு விலைக்குக் கேட்டு எடுத்தாள். "பைத்தியமாடி உனக்கு? இவ்வளவு நஷ்டத்துல யாராவது எடுப்பாங்களா?" என்று கூட வேலை பார்ப்பவள் கத்தினாள். உருளையின் இரைச்சலில் அது காதில் விழாததுபோல அவள் அடுத்த விரிப்பை உதறிப் பிடித்தாள். விரிப்பில் மங்கலாக ஒரு ரத்தக்கறை. எத்தனை முறை துவைத்தும் போகாதது. மடிக்கும்போது அதை உள்பக்கம் வைத்து மடிப்பதுதான் அங்கே வழக்கம்.

அந்தப் பணத்தோடு போன கடையில் நீலத் தகர ஷீட்டு தீர்ந்துபோயிருந்தது. பெரியவர் ஆர்டர் கொடுத்ததே நீலத்தின் கடைசிக் கட்டு. செங்கல் நிறம் மட்டும் மிச்சம்.

"இதை யாரும் கேக்கறதில்லைம்மா. கொஞ்சம் குறைச்சுத் தரேன்," என்றார் கடைக்காரர். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டிடுங்களேன். நாளைக்குக் கலர் புடிக்கலைன்னு திருப்பிக் கொண்டாந்தா நான் எடுக்க மாட்டேன்."

"வீட்டுக்காரி நாந்தான்," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே அந்தக் குரல் யாருடையதோ போல இருந்தது.

வேலை ஆரம்பிக்கிற நாளன்று பெரியவருக்கு அதிகாலை முறை. சின்னவர் விடிந்ததும் கடைக்குப் போய்விட்டார். முற்றத்தில் நீல ஷீட்டுகள் அடுக்கியிருந்தன. மேஸ்திரியின் ஆட்கள் கடைசி அறையின் உடைந்த கூரையைப் பிரித்துக்கொண்டிருக்கையில் வாசலில் ஒரு குட்டி லாரி வந்து நின்று செங்கல் நிறத்தை இறக்கியது.

"இது யார் ஆர்டரும்மா?" என்றான் மேஸ்திரி.

"என் ஆர்டர். என் ரூமுக்கு."

"பெரியவரு என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"அவர் ரூமுக்கு அவர் சொல்லுவாரு. என் ரூமுக்கு நான் சொல்றேன். அளவு நீங்க சொன்ன அளவுதான். இந்தாங்க, என் பக்கத்துக் கூலி."

மேஸ்திரி பணத்தைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். மேற்கே மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு இன்னும் நாலு வீடு காத்துக்கிட்டு இருக்கு," என்றான் சலிப்போடு. "உங்க குடும்பத் தகராறை எல்லாம் என் தலையில கட்டாதீங்க. நாளைக்கு அந்த மனுசன் என்னைப் புடிச்சுக் கத்தினா?"

"நான் இங்கேயே நிக்கிறேன். கத்தறது எல்லாம் என்கிட்ட கத்தட்டும்."

அவன் பணத்தை வாங்கி மடித்து உள்ளே வைத்தான். மேலே இருந்தவனைப் பார்த்து, "தூக்குடா," என்றான்.

அவள் முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தாள். இரவெல்லாம் நின்ற கால்கள் வீங்கியிருந்தன. ஒவ்வொரு ஷீட்டாக மேலே போயிற்று. துளையிடும் கருவி அலறும்போதெல்லாம் ஓரகத்தி ஜன்னலில் வந்து நின்று பார்த்தாள். மூன்றாவது முறை வந்தபோது அவள் காதில் போன் இருந்தது.

பெரியவர் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார். அதற்குள் கடைசி அறை முழுக்கச் செங்கல் நிறமாகியிருந்தது. அதன் ஓரத்தின்மேல் முதல் நீல ஷீட்டை ஏற்றி வைத்துத் துளை போட்டுவிட்டார்கள்.

"என்னம்மா இது? யாரைக் கேட்டுப் பண்ணின?"

அவள் எழுந்து நின்றாள்.

"ஓரத்துல ஒட்டுத்துணி வெச்சுத் தைச்ச மாதிரி இருக்கு. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் சிரிப்பான். வீட்டுக்குன்னு ஒரு லட்சணம் வேண்டாம்?" அவர் மேலே பார்த்துக் கத்தினார். "யோவ் மேஸ்திரி, அந்தச் சிவப்பை எல்லாம் பிரிச்சுக் கீழ இறக்குய்யா!"

"இறக்கலாங்க," என்றான் மேஸ்திரி மேலிருந்தே. "இறக்கினா அது ஓட்டை போட்ட ஷீட்டு. திரும்பப் போட்டா ஒழுகும். உங்க நீலம் மூணு ரூமுக்கும் சரியான அளவுதான், சேதாரத்துக்கு இல்ல; அதுலயும் ஒண்ணு இப்ப ஓட்டை போட்டாச்சு. அந்தாண்ட மழை வேற வருது. உங்க ரூம் இன்னும் பிரிக்கவே இல்ல. என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

பெரியவர் மேகத்தைப் பார்த்தார். தன் அறைக் கூரையின் ஓட்டையைப் பார்த்தார். நெருங்கி வந்த மழை, இவர் முடிவு சொல்லும்வரை நிற்பதாக இல்லை. தூரத்தில் இடி உருண்டது.

அவர் முகம் மெல்ல இளகியது. அந்த இளகலைப் பார்த்தபோதுதான் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

"சரி, விடு," என்றார். பழைய வாஞ்சை குரலுக்குத் திரும்பியிருந்தது. "ஏதோ அவசரத்துல பண்ணிட்ட. பரவால்ல. ஷீட்டு என்ன விலை, கூலி என்ன ஆச்சுன்னு சொல்லு. இப்பவே குடுத்துடறேன். உன் காசு உன்கிட்ட இருக்கட்டும்." சட்டைப் பைக்குள் கை போயிற்று.

துளையிடும் கருவி நின்றிருந்தது. மேலே ஆட்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரகத்தி வாசலுக்கு வந்திருந்தாள். நீட்டிய கையில் நோட்டுகள் காற்றில் படபடத்தன. மகளின் படிப்புக்காக வைத்திருந்த அந்தப் பணம் அத்தனையும் திரும்பி வரும். வாங்கினால் போதும். எவ்வளவு சுலபம். அவள் அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள்.

"வேண்டாம் மாமா," என்றாள் கடைசியில், தாழ்ந்த குரலில். "உங்ககிட்டப் போய் எப்படி மாமா காசு வாங்கறது?"

பெரியவரின் கை உடனே கீழே இறங்கவில்லை. மேலே யாரோ தும்மினார்கள். தும்மலா, அடக்கிய சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு அவர் திரும்பி உள்ளே போனார். துளையிடும் கருவி மறுபடி அலற ஆரம்பித்தது.

கடைசி நீல ஷீட்டு ஏறவும் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் முழுக்கப் பெய்தது. புதுத் தகரத்தின்மேல் மழை விழும் சத்தத்தில் அறைக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மகள் ஈரம் பட்டு உப்பிப்போன புத்தகங்களைத் தரையில் பிரித்துக் காய வைத்தாள். இந்த வருடக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சத்தத்தில் கேட்டிருக்காது. அந்தச் சத்தத்துக்காக அம்மா நன்றியோடு இருந்தாள். அந்த வீட்டில் பிறந்த ஆண்கள் யாரும் தங்கள் அறை தங்களுடையது என்று காட்ட ஒரு ஆணிகூட வாங்க வேண்டியிருக்கவில்லை என்பதை அவள் படுத்தபடியே நினைத்தாள். நினைத்து என்ன. தூங்கிப்போனாள்.

மழை தூறலாகக் குறைந்தபோது ஓரகத்தி வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். கண்கள் ஒருதரம் மேலே கூரைக்குப் போய் வந்தன.

"அவரு சொல்லச் சொன்னாரு," என்றாள். "இனிமே தெருக்குழாய்க்கு எல்லாம் போக வேண்டாமாம். நம்ம மோட்டார்லயே தண்ணி புடிச்சுக்கச் சொன்னாரு. நாலு பேரு பாத்தா நல்லாவா இருக்கு?"

அவள் எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டாள்.

"மோட்டாருக்கு என் பங்கு எவ்வளவு வரும்க்கா?"

"ஐய, பங்கெல்லாம் யாரு கேட்டா? சும்மா புடிச்சுக்கோடி. நாங்க என்ன அந்நியமா?"

"சும்மான்னா வேண்டாம்க்கா," என்றாள். "பங்கு எவ்வளவுன்னு மாமாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமாக் கட்டிடறேன். கட்டி முடிச்சதும் புடிச்சுக்கறேன்."

ஓரகத்தி சேலைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் இறவாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நடுமருமகள் மூலையிலிருந்த இரண்டு குடங்களை எடுத்தாள். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக வைத்துக்கொண்டு, ஓரகத்தியைத் தாண்டி, தூறலில் தெருக்குழாய்க்கு நடந்தாள். குழாயடியில் வரிசை நீண்டிருந்தது. கடைசியில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தபோது, நீலக் கூரையின் ஓரத்தில் செங்கல் நிறம் நனைந்து இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.