சந்திரகிரி கோட்டையில் காய்ச்சல்

படார் படாரென்று பதினான்காம் நம்பர் அறையின் கதவு அதிர்ந்தது. திருச்சானூரில் அந்த லேடீஸ் ஹாஸ்டலில் பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்ட ஆள் இருக்காது. எல்லாரும் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். ரூபா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"தெறடி ரூபா! நான்தான் பிரமிளா. தெறக்கல, கதவோட சேத்து உன்னையும் ஒடச்சிருவேன்."

ரூபா துப்பட்டாவைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினாள். பிரமிளா மூச்சு வாங்க உள்ளே வந்து கட்டிலில் பையை எறிந்தாள்.

"நாகபூஷணம் சார் உன் லீவ் லெட்டர கிழிச்சிப் போட்டுட்டாரு."

"ஏன்?"

"ஏனா? டைபாய்டு, எழுந்து நிக்கக்கூட முடியலன்னு நான் எழுதிக் குடுத்துக்கீறேன். நீ இன்னாடான்னா முந்தாநாளு சந்திரகிரி கோட்ட மேல நின்னுக்கினு சிரிக்கிற. 'இன்று மாலை, காற்றும் நானும்'னு கவித வேற. சாரோட பொண்ணு உன்ன ஃபாலோ பண்ணுதாம். போன தூக்கிக் காட்டி, 'ஏம்மா, டைபாய்டு கோட்ட ஏறுமா?'ன்னு கேக்குறாரு. கிளாஸே சிரிச்சிது."

ரூபா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள நீயே அவரு எதிர்ல வந்து நிக்கணும். நின்னாத்தான் ஹால் டிக்கெட்டு. இல்லன்னா ஒரு வருஷம் கோவிந்தா."

அது பொய்யான போட்டோ இல்லை, பழைய போட்டோ. பிப்ரவரியில் எடுத்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் காற்றில் தூக்கி நின்ற நேரத்தில் பிரமிளாதான் க்ளிக் செய்தாள். அதுபோல இன்னும் முப்பது நாற்பது ரூபாவின் போனில் இருந்தன. நகரி பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.காம். படிக்க வந்த பெண்ணுக்கு, பெயர் தெரியாத மூவாயிரத்து எண்ணூறு பேர் ரசிகர்களாக இருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் அந்த முடிதான். ஆற்றுப் பின்னல், மீன் பின்னல், ஈர முடியை உதறுவது என்று வாரத்துக்கு இரண்டு வீடியோ போடுவாள்.

பதினாறு நாளைக்கு முன்னால் மலை மேல் கல்யாணகட்டாவில், மொட்டையடிக்கும் கூடத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்தபோது அவள் அழவில்லை. அவளைப் பெற்ற நைனா ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து பைக்கில் வரும்போது நாய் குறுக்கே ஓடி விழுந்து, சென்னை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கண் திறக்காமல் கிடந்தவர். இப்போது வீட்டில் உட்கார்ந்து, உப்பு இல்லை, காரம் இல்லை என்று அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பிழைத்து வந்ததற்கு முன்னால் முடி என்ன பெரிய முடி என்றுதான் இருந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பி போனைத் திறக்கும்வரைதான் அது. 'அக்கா, புது வீடியோ எங்கே?' என்று அறுபது பேர் கேட்டிருந்தார்கள்.

ஒரு பழைய படத்தைப் போட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு இதயம் விழுந்தது. மறுநாள் இன்னொன்று. ஒருத்தி என்ன எண்ணெய் என்று கேட்டதற்கு, தேங்காயெண்ணெயில் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சியது என்று பதில் எழுதினாள். எழுதும்போது அவளுடைய இடது கை சொரசொரவென்றிருந்த தலையைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் படங்களையே மணிக்கணக்காகப் பார்த்தாள். முன்பெல்லாம் அடுத்தவள் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். இப்போது கோட்டை மேல் சிரிக்கும் அந்த ரூபாவைப் பார்த்தே வயிறு எரிந்தது. அவளுக்கு என்ன, ஜாலியாக இருக்கிறாள்! சோறு இறங்கவில்லை. தூக்கம் துண்டு துண்டாக வந்தது. இந்த ஊரில் பஸ்ஸில் பத்துப் பேர் ஏறினால் நாலு பேர் மொட்டை. யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மூவாயிரத்து எண்ணூறு பேர் திருப்பதியிலா இருக்கிறார்கள்?

"உங்கம்மாவ சொல்லணும்டி," என்றாள் பிரமிளா, அவளுடைய சுடிதாரை அலமாரியிலிருந்து உருவியபடி. "நுனியில மூணு கத்திரி முடி குடுத்தா சாமி வேணாம்னா சொல்லும்? படிக்கிற பொண்ண முழுசா சிரைச்சி அனுப்பிக்கீறாங்க."

ரூபா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, சுடிதாரை வாங்கிக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண். மூன்று தலையிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்தம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ரூபாவும் பிரமிளாவும் எதிரே நெருக்கி உட்கார்ந்ததுமே தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"நாங்க ஆற்காடு. எம் பேரு சுலோசனா. தாயார் கோயிலு பாத்துட்டு ரயிலுக்குப் போறோம். இன்னா வெயிலு! மண்டையில தோச ஊத்தலாம்."

"ஊத்தேன். பசிக்குது," என்றார் புருஷன்.

"பாத்தியாம்மா, சாமி கும்புட்டு வந்தும் வாயி அடங்கல. தோ, எங்கள ஒரு போட்டோ எடு கண்ணு. வீட்டு குரூப்புல போடணும். எங்க நாத்தனாரு, 'அண்ணி எங்க மொட்ட அடிக்கப் போறாங்க, பந்தாவுக்குச் சொல்றாங்க'ன்னு எழுதிக்கினு கீறா."

சுலோசனா போனை நீட்டியது ரூபாவிடம். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்து மூன்று தலையையும் கட்டத்துக்குள் கொண்டுவரப் பார்க்கும்போது, துப்பட்டா நழுவித் தோளில் விழுந்தது. பிடிக்கக் கை இல்லை.

"அட! நீயும் நம்ம செட்டா?" சுலோசனா கை தட்டினாள். "சொல்லவேயில்ல பாரு! ஏய் பாப்பா, தள்ளு. அக்கா உக்காரட்டும். அந்தப் பொண்ணு எடுக்கும்."

"வேணாங்க..."

"இன்னா வேணாம்? மூணு பேருன்னா ஆகாது. நாலு பேரா இருந்தா பாக்க லட்சணமா இருக்கும்."

ரூபா எழுந்து மாறி உட்காருவதற்குள் அந்தச் சின்னப் பெண் அவள் தலையில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துவிட்டு, "இது முள்ளு முள்ளா கீதுமா. நம்மள்து வழவழன்னு கீது," என்று தீர்ப்பு சொன்னாள். பிரமிளாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல் படம் ஆடிப்போய்விட்டது. இரண்டாவதில் ரூபாவும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. தாடை வலித்தது. இறங்கும்போது சுலோசனா நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாகபூஷணம் சாரின் அறைக்கு வெளியே நின்றபோது போன் அதிர்ந்தது. படம் வந்திருந்தது. ஆட்டோவின் சிவப்பு ரெக்சினுக்கு முன்னால் நாலு மொட்டைத் தலைகள். கடைசியில் இருப்பவளின் காதுகள் பெரிதாக, பல் முழுக்கத் தெரிய, கன்னம் ஒட்டிப்போய். அழகாக இருக்கிறாளா இல்லையா என்று ரூபா யோசித்தாள். தெரியவில்லை. ஆனால் இவள் மேல் பொறாமை வரவில்லை. நாக்கில் எச்சில் ஊறி, பசித்தது.

மணி ஒன்று ஐம்பது. உள்ளே போனார்கள்.

"ரா தல்லி, வா வா. கோட்டையிலேந்து எறங்கிட்டியா?" என்றார் சார், நிமிராமலே. சித்தூர்க்காரர், தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும்.

ரூபா துப்பட்டாவை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். சார் நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த போட்டோ பழசு சார். டைபாய்டும் பொய்யி."

"இதுக்கா பன்னெண்டு நாளு கிளாஸுக்கு வரல? இந்த ஊர்லயா?"

"ஊருக்காக இல்ல சார். போனுக்காக."

சார் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஹால் டிக்கெட் ஃபாரத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டு, தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்ல பலவந்தம் பண்ணாங்களாம்மா? எனக்கும் பொண்ணு இருக்குது. உங்கம்மா நம்பர் குடு, நான் பேசறேன்."

"ஆமா சார், அவங்கம்மாதான்..." என்று பிரமிளா பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.

ரூபா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கம்மா வேணாம்னு கால்ல விழாத கொறையா கெஞ்சினாங்க சார். நைனா கண்ணு தொறந்தா முழுசா தரேன்னு ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து வேண்டிக்கினது நான்."