நாலு மணி பஸ்ஸுக்கு ஒரு கால்

செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் சர்வர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்கள் உட்பட. பதினோரு வருஷத்தில் ஒரு ஃபைலைக்கூடத் தொலைத்ததில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வம் உள்ளவர்கள் எதையும் இரண்டாம் முறை படித்துப் பார்ப்பதில்லை, அதுதான் கோளாறு.

அன்று காலை பத்து மணிக்கு அவள் செய்ய நினைத்தது சின்ன வேலை. எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்ற அனுமதிப் பட்டியலில், வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போன டெக்னீஷியன் நெட்டையின் பெயர்கூட இருந்தது. அவற்றை ஒரே ஒரு ஃபோல்டரிலிருந்து நீக்கப் போனவள், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பெரிய ஃபோல்டரில் கையை வைத்துவிட்டாள். 'உள்ளே இருப்பவை அனைத்துக்கும் இதையே பொருத்தவா?' என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டது. இவள் ஆமாம் என்று அழுத்தினாள்.

ஐந்து நிமிஷத்தில் எல்லா அறைகளிலிருந்தும் குரல் வந்தது. அளவு எடுப்பவர், வடிவம் வரைபவர், கிடங்குக்காரர், எல்லார் திரையிலும் ஒரே வாசகம்: உங்களுக்கு அனுமதி இல்லை. சர்வர் அக்கா அவசரமாகத் திறந்து பார்த்தாள். ஃபைல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. யாருக்கு எது என்ற பட்டியல்தான் அழிந்திருந்தது. தினமும் எடுத்துவைத்த நகலில் பட்டியல் சேரவே இல்லை. நகல் எடுக்க ஏற்பாடு செய்தவளும் இவள்தான்.

"வைரஸாக்கா?" என்று வரவேற்பறைப் பெண் ஓடி வந்து கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பூசி மெழுகிவிடலாம். ஆனால் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தபால்காரர் உட்கார்ந்திருந்தார். பழைய கால் விரிசல் விட்டதிலிருந்து, மூன்று மாதமாக உட்கார்ந்த இடத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தவர். நாளைக் காலை தன் தெருக்களுக்குத் திரும்பாவிட்டால் அந்தச் சுற்று இன்னொருவருக்கு நிரந்தரமாகப் போய்விடும். நாலு மணி பஸ்ஸுக்குள் அவருக்குக் கால் வேண்டும். அதற்கு, அவருடைய எஞ்சிய கால் முனையின் வடிவத்தை நுரைக்கட்டியில் செதுக்கும் மெஷின் பன்னிரண்டரைக்காவது ஓடத் தொடங்க வேண்டும்.

"வைரஸ் இல்ல. நான்தான் தப்பா அழுத்திட்டேன்," என்றாள். பிறகு பெஞ்சைப் பார்த்து, "அண்ணே, உங்க வேலை என்னாலதான் நிக்குது," என்றாள். சொல்லும்போது அவமானமாக இருந்தது.

தபால்காரர் சற்று யோசித்தார். "நானும் ஒரு வீட்டு லெட்டர இன்னொரு வீட்ல போட்டிருக்கேம்மா. போய்க் கதவத் தட்டிக் கேட்டா குடுத்துடுவாங்க."

மேலாளர் வந்தார். "எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்து விட்டுடும்மா. அப்புறமா பொறுமையா சரி பண்ணிக்கலாம்."

"வேண்டாம் சார். கால் வேணும்னு வர்றவங்களத் துணி விலக்கி எடுத்த படமெல்லாம் உள்ள இருக்கு. நம்மள நம்பித்தான எடுக்க விட்டாங்க."

மேலாளர் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். கோபம்தான், ஆனால் அவள் போக்குக்கே விட்டுவிட்டார்.

முதல் வேலையாகத் தபால்காரரின் ஃபோல்டரை வடிவம் வரைபவருக்குத் திறந்துவிட்டாள். பிறகு யாருக்கு எது வேண்டும் என்று கேட்டு எழுத, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். கிடங்குக்காரர் எல்லா ஃபோல்டரும் தன்னுடையதுதான் என்று சாதித்தார். போன வாரம் எதையெல்லாம் திறந்தீர்கள் என்று கேட்டதும் இரண்டுக்கு இறங்கி வந்தார். வரவேற்பறைப் பெண் மென்று விழுங்கினாள். "புகார் லெட்டர் ஃபோல்டர் எனக்குத் திறந்து கெடந்துச்சுக்கா. திறந்திருக்கக் கூடாது. நான் படிச்சும் பாத்துட்டேன். இனிமே வேண்டாம்." நீ சொன்னதே போதும் என்று சர்வர் அக்கா அவள் தோளைத் தட்டினாள்.

பன்னிரண்டு மணிக்கு எல்லார் திரையும் திறந்துகொண்டது. செதுக்கும் மெஷின் மட்டும் ஃபைலைக் காணவில்லை என்று அடம்பிடித்தது. மேலாளர் போன் போட்டார். மெக்கானிக் நாளை மறுநாள்தான் வருவாராம். சர்வர் அக்கா மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மெஷினைத் துடைத்துச் சுத்தம் செய்யும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எல்லாரையும் கேட்ட, என்னைக் கேக்கலையே."

"நீங்கதான் எந்த ஃபைலையும் திறக்க மாட்டீங்களேம்மா."

"நான் திறக்கல. இது திறக்குதுல்ல? காலைல ஸ்விட்ச் போடறது நான்தான். 'வணக்கம் நெட்டை'ன்னு தினமும் எழுத்து வரும். அவன் போயி ரெண்டு வருஷமாச்சு, இது இன்னும் அவனுக்கே வணக்கம் வைக்குதேன்னு சிரிச்சுக்குவேன்."

சர்வர் அக்காவுக்குப் பளிச்சென்று புரிந்தது. மெஷினைப் பொருத்திய அன்று, சோம்பேறி நெட்டை தன் பெயரையே அதற்கும் கொடுத்திருக்கிறான். ஆள் போனான், மெஷின் இன்று காலை அந்தப் பெயர் அழியும்வரை அவன் பெயரில் உழைத்துக்கொண்டிருந்தது. நெட்டையை அவள் திரும்பக் கொண்டுவரவில்லை. மெஷினுக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்து, அதற்கு வேண்டிய ஃபோல்டரை மட்டும் திறந்துவிட்டாள். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு அது உறுமிக்கொண்டு செதுக்க ஆரம்பித்தது.

"அந்த எட்டு நிமிஷத்த என் சாப்பாட்டு நேரத்துல கழிச்சுக்கறேன்," என்றார், செதுக்கிய கட்டியின்மேல் காலை வார்ப்பவர்.

மூன்றரைக்குத் தபால்காரர் புதுக் காலோடு, நடை பழகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே எழுந்து நின்றார். நாலு எட்டு வைத்தார், கம்பியை விட்டார், இன்னும் நாலு எட்டு. அப்படியே நடந்து சர்வர் அக்காவின் அறைக்கே வந்துவிட்டார்.

"நீங்க மேனேஜர்கிட்ட பேசினது பெஞ்சுக்குக் கேட்டுச்சும்மா. எல்லாத்தையும் திறந்து விட்டிருந்தா எனக்கு அப்பவே வேலை நடந்திருக்கும், இல்லையா?"

"ஆமாண்ணே," என்றாள். வசைக்குத் தயாராகத்தான் இருந்தாள்.

"என் கால் படத்த யார் யார் பாக்கலாம்?"

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அளவு எடுப்பவர், வடிவம் வரைபவர். இரண்டே பெயர். முகவரி படிப்பதுபோல் அவர் விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"முதல் தடவை இங்க வந்தப்பவே கேக்கணும்னு நெனச்சேன். நாலு வருஷமாச்சு, கேக்க வெக்கமா இருந்துச்சு," என்றார்.

சர்வர் அக்கா நோட்டை மூடினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.