மெர்லின் பேசிய வீடியோ

பள்ளிக்கூடத்தைப் படம் எடுக்க வருகிறோம் என்று போன் வந்ததும் எங்கள் தலைமையாசிரியர் முதலில் செய்த காரியம், கழிவறைக்குப் பூட்டுப் போட்டது. நான் நேராக எண்ணூர்க் குப்பத்துக்குப் போய் இன்னாசி வீட்டு வாசலில் நின்றேன். இன்னாசி மீன்பிடிக்கிறவர். அவர் மகள் மெர்லின் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தாள். அந்த வருஷத்தோடு அவளை நிறுத்திவிட்டுக் காசிமேட்டில் எறா உரிக்கிற கம்பெனிக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது வாயவே தொறக்காது டீச்சர். வாயில்லாததுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்றார்.

"வகுப்புக்கு வந்து கேளுங்கண்ணே, வாய் கீதா இல்லையான்னு."

"நான் கடலுக்குப் போறதா, ஸ்கூலுக்கு வர்றதா?"

"அப்ப நெட்ல பாருங்க. நல்லாப் பாடம் நடக்குற வகுப்பைப் படம் எடுத்து நெட்ல போடுறாங்க. மெர்லின்தான் பேசப்போறா. பாத்துட்டு அப்பவும் கம்பெனிதான்னு சொன்னீங்கன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

வலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தவர், "செரி, பாத்துட்டு சொல்றேன்" என்றார். அவள் படிப்பு அந்த வீடியோவில் தொங்கியது.

வீட்டில் அவள் ஊமைதான். என் வகுப்பில் அப்படியில்லை. என் டிஜிட்டல் கேமராவை அவளிடம் கொடுத்திருந்தேன். முகத்துவாரத்தில் படகு கட்டும் ஒரு கம்பத்தைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே இடத்தில் நின்று எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் படங்களை வகுப்புக் கம்ப்யூட்டரில் வேகமாக ஓட்டினால் தண்ணீர் கம்பத்தில் ஏறும், இறங்கும். படத்தை எடுத்தவர்தான் விளக்க வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது, யாரும் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாம் என்பது என் வகுப்பின் சட்டம். நான் வியாசர்பாடிக்காரி, வீட்டில் எனக்கும் இதே பேச்சுதான். ஆசிரியர் பயிற்சியில் நான் எழுந்து பேசினாலே சிரிப்பார்கள். என் வகுப்பில் எவனாவது அப்படிச் சிரித்தால் தொலைத்துவிடுவேன்.

படமெடுக்க வந்த குழுவுக்குச் சுப்புராஜ் என்பவர் தலைவர். விளக்கு, கேமரா, சட்டையில் குத்துகிற மைக் என்று வகுப்பே கல்யாண மண்டபமாகிவிட்டது. மெர்லின் எதற்கும் அசரவில்லை. படத்தை நிறுத்தினாள்.

"இப்ப பாரு, தண்ணி ஏறிக்கினே கீது. யாரு ஏத்துறா? நெலா. அது மேலருந்து இஸ்துகுது."

"அப்பால ஏன் வத்துது?" என்றான் ஒருவன்.

"டேய், பூமி சும்மாவா குந்திகினு கீது? சுத்துதுல்ல? நம்ம பக்கம் நெலாவ வுட்டு திரும்பிப்பூடுச்சுன்னா வத்திப்பூடும்." சொல்லிக்கொண்டே தானும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

சுப்புராஜ் கை தட்டினார். "பிரமாதம் மேடம். தமிழ்நாட்டு வாத்தியாரெல்லாம் இதைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார். கிளம்பும்போது, "மொழிதான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"மொழிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றார். ஒண்ணுமில்லையாம்.

வீடியோ வந்துவிட்டது என்று தெரிந்ததும் திருவொற்றியூரில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம். இன்னாசி மாதா கோயில் திருவிழாவுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்திருந்தார். மெர்லின் கதவோரம் நின்றாள். வீடியோ நின்று நின்று ஓடியது. திரையில் அதே வகுப்பு, அதே கம்பம், அதே மெர்லின். வாயைத் திறந்தாள்.

"நிலவின் ஈர்ப்பு விசையால் கடல்நீர் மேலெழுகிறது, நண்பர்களே."

யாரோ ஒரு பெண்ணின் குரல். கழுவித் துடைத்து இஸ்திரி போட்ட தமிழ். நண்பர்களேயாம். மெர்லினைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மாம் சுத்தமா பேசுது பாருங்க. ரேடியோல பேசுற மாறியே கீது."

"அண்ணே, அது மெர்லின் குரல் இல்ல. அவங்களா மாத்திட்டாங்க."

"இன்னா டீச்சர் நீங்க, வாய் அதோடதுதானே அசையுது?" என்று சிரித்தார். "வூட்ல அது எங்க பேசுது? ஸ்கூல்ல இப்டித்தான் பேசும் போல. படிக்கட்டும் டீச்சர். எவ்ளோ வோணும்னாலும் படிக்கட்டும்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

அதற்குப்பிறகு மெர்லின் பள்ளிக்கு வரவில்லை. சுப்புராஜுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "பாக்குறவங்க அந்தக் குழந்தையைக் கேலி பண்ணிடக் கூடாதேன்னுதான் மேடம். அவ மரியாதைக்காகத்தான் செஞ்சோம்" என்றார். வீடியோவின் கீழே ஊர் ஊராக ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்களாம், என்ன அழகான உச்சரிப்பு என்று. போனை வைத்துவிட்டேன்.

மறுபடி குப்பத்துக்குப் போனேன். இன்னாசி வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் மகளைக் கூப்பிட்டு, நெட்டில் பேசின மாதிரி பேசிக் காட்டு என்றிருக்கிறார். அவள் "நெலா..." என்று ஆரம்பித்தாலே, "அப்டி இல்லமே, அந்த மாறி பேசு" என்பாராம். ஒருநாள் அவளாகவே போய் எறா கம்பெனி வேனில் ஏறிவிட்டாள். "நானே ஸ்கூலுக்குப் போன்னு கெஞ்சுறேன் டீச்சர், கேக்க மாட்டேங்குது" என்றார்.

கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் அவளைப் பிடித்தேன். எறா நாற்றம், விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்பாதான் படின்னு சொல்லிட்டாரேடி. அப்புறம் ஏன் இங்க வர்ற?"

கோபமே இல்லாமல் பதில் சொன்னாள்.

"அதுல ஒரு பொண்ணு பேசுச்சே டீச்சர், அத்தயே படிக்க வையிங்க."