ஐஸ் பொட்டிக்காரி

என் புருஷன் பிரபாகர் செத்தது சித்திரை வெயிலில். பிணத்தை வைக்கிற ஐஸ் பொட்டி தர்மபுரியிலிருந்து வந்து சேர்வதற்குள் முகம் மாறிவிட்டது. துணி போட்டு மூடிவிட்டார்கள். ஓசூரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்த மகள் கோகிலவாணி அப்பன் முகத்தைப் பார்க்கவே இல்லை. இந்த இண்டூரில் இன்னொரு பிள்ளைக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் நகையை விற்று ஒரு பொட்டி வாங்கி வாடகைக்கு விட்டேன். சுகுணா புண்ணியம் கட்டிக்கொண்டாள் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

கும்பிட்டதோடு சரி. பொட்டி வந்ததிலிருந்து என் வாசலைக் கடக்கிறவர்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். வளைகாப்புக்கு அழைப்பில்லை. காலையில் பால் வாங்கப் போனால், "நீ வராத சுகுணா, நானே குடுத்தனுப்பறேன்" என்பாள் காசியம்மாள். அவள் மாமியார் செத்தபோது முதல் போன் எனக்குத்தான் வந்தது. நல்லா இருக்கட்டும், மகராசி.

நானும் முறை தவறியதில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். மற்றவர்களுக்கே அப்படியென்றால் பொட்டிக்காரி சொல்லலாமா? பொட்டியைத் துடைப்பேன், டிரைவர் சின்னப்பனின் டெம்போவில் ஏற்றுவேன், வாயைத் திறக்காமல் வந்துவிடுவேன்.

கோகிலாவுக்குப் பாப்பாரப்பட்டி இளம்பரிதியைப் பேசினோம். ஓசூர் கம்பெனியில் இரண்டு பேருக்கும் பழக்கம். அவன் அம்மா ராஜாமணிதான், "பொட்டித் தொழில வுட்டுடுவீங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "அத்தை செய்யறது நல்ல காரியம்மா" என்று பையன் அவளை அடக்கினான். அத்தை என்ற அந்த ஒரு சொல்லில் நான் உருகிப்போனேன். என் தொழிலால் மகள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று பயந்து கிடந்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பூ வைக்க நாள் குறித்தோம். புடவையும் எடுத்தாயிற்று.

பூ வைப்பதற்கு முந்தின நாள் இளம்பரிதியின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். யாரோ பங்காளி போன் செய்தார். "பொட்டி வேணும், சீக்கிரம் வாங்க." நானும் வரேன் என்று கோகிலா அழுதாள். பூ வைக்காத வீட்டுக்குப் பெண் போகக் கூடாது என்று தடுத்துவிட்டு ஓடினேன்.

வாசலில் கால் வைத்ததும் ராஜாமணி மாரில் அடித்துக்கொண்டாள். "இவ வூட்ல பொண்ணு எடுக்க வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே! என் தாலிய அறுத்துட்டுப் பொட்டியோடவே வந்துட்டா பாரு!"

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் இளம்பரிதியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. தலையைக் குனிந்துகொண்டு, "பொட்டிக்காரம்மா, பிளக் இந்தப் பக்கம் இருக்கு" என்றான்.

பிளக்கை மாட்டினேன். மறுநாள் வரை தெருவில் டெம்போவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வரவில்லை. குளிப்பாட்டப் பிணத்தை வெளியே எடுத்ததும் பொட்டியைத் துடைத்தேன். இளம்பரிதி பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா இந்தப் பொண்ணு வேணாங்கறாங்க. கோகிலாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அதையும் நானே சொல்ல வேண்டுமாம்! ஈரத்துணியை மடித்து வைத்தேன். வாசல் நடுவில் போய் நின்று, அவன் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"போயிட்டு வரேன், மாப்ளை."

ஒப்பாரி அப்படியே நின்றது. ராஜாமணி ஓடிவந்து மகனைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், கிளம்பும்போது சொன்னதையும் சேர்த்து. அவனைக் காறித் துப்புவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு ஒண்ணும் ஆகிடாது இல்லம்மா?"

இப்போதெல்லாம் பொட்டி கேட்டு போன் அடித்தால் அவள்தான் முதலில் ஓடுகிறாள். எந்த ஊருங்க என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.