மலையிடுக்கில் அவர் பேர்

"சிட்னிக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. பிளாக்டவுன் ஸ்டேஷனைத் தவிர நீ என்னத்தைக் கண்டே?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டுக்கேட்டுத்தான் 1977 அக்டோபரில் நடுப் பாலைவனத்தில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் கிளம்பினோம். அங்கே மலையிடுக்குகளைச் சுற்றிக்காட்ட ஒருநாள் பஸ் இருந்தது. வழிகாட்டி க்ளெம் அந்த மண்ணின் பழங்குடி மனுஷர். எங்கள் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும்.

காலையில் ஒரு பாறையடியில் பஸ்ஸை நிறுத்தினார். பாறை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். ஆதியில் கம்பளிப்புழுக்கள்தான் இந்த மலைகளை உண்டாக்கின என்று தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். கம்பளிப்புழு என்றாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் அவர் சொன்ன விதத்தில் என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரிகள் என் வெறுங்காலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். க்ளெம் சிரிக்கவில்லை. அப்போதே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நடுப்பகலில் ஒரு குறுகலான இடுக்குக்குள் போனோம். சூரியன் உச்சிக்கு வந்ததும் இரண்டு பக்கச் சுவரும் தணலாய்ச் சிவந்தன. அப்படியொரு அழகை என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. வாயைப் பிளந்து நின்றவள் திரும்பிப் பார்த்தால், எங்கள் வீட்டுக்காரரைக் காணோம். கேமராவைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போனாரோ, தண்ணீர் பாட்டில் என் கையில் இருந்தது. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

க்ளெமும் நானும் உருண்டு கிடந்த பாறைகளைத் தாண்டி உள்ளே தேடிப் போனோம். "ஏங்க... ஏங்க..." என்றேன்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க," என்றார் க்ளெம்.

புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதே கிடையாது. அந்தப் பேருள்ள சாமியைக்கூட 'சிங்கமுக சாமி' என்றுதான் கும்பிடுவேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறி இதைச் சொன்னேன். பட்டிக்காடு என்று நினைக்கப்போகிறார் என்று கூசியது.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "என் தம்பி பேரை நானும் சொல்றதில்லை," என்றார்.

"அவருக்கும் ஆயுசு குறைஞ்சிடுமா?"

"இல்லை. அவன் போய்ட்டான். செத்துப்போனவங்க பேரைத்தான் நாங்க சொல்ல மாட்டோம்."

எங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிற மனுஷர்! அவர் பேரை நான் எதற்காக வாய்க்குள் பூட்டி வைக்க வேண்டும்?

"நரசிம்மன்!"

மலை முழுக்க அந்தப் பேர் உருண்டது. பதில் இல்லை. "நரசிம்மன்!" என்று அழுதுகொண்டே கத்தினேன். மூன்றாவது தடவை தொண்டையே கிழிந்துவிடும் போலிருந்தது.

"இங்கேதான் இருக்கேன்!"

தூணைப் பிளந்துகொண்டு வரத்தான் இல்லை. கணுக்கால் வீங்கி, ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தண்ணீரைக் கொடுத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு, "முதல் தடவையே கேட்டுச்சு கல்யாணி," என்றார்.

"அப்புறம் ஏன் பதில் சொல்லலை?"

"இன்னொரு தடவை கூப்பிடுவியான்னு பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு காலையும் உடைத்திருப்பேன். என்ன சொன்னார் என்று க்ளெம் கேட்டார், சொன்னேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் கொஞ்ச நேரம் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இவருக்குத் தோள் கொடுக்கக் குனிந்தார்.

ஒரு பக்கம் க்ளெம், மறுபக்கம் நான். கோபம் தீரவில்லை. ஆனாலும் தம்பி பேரைக் கூப்பிட முடியாத க்ளெம் நின்ற நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"நரசிம்மன், காலைப் பார்த்து வைங்க," என்றேன்.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.